மன்றாட்டுக்கு ஒரு சால்

சேசு மரி சூசை

ஆனையூர்,
9 ஏப்ரல் 1928

தம்பி மைக்கேல்ராஜுக்கு, பிலோமினாள் எழுதுவது.

மாதா பிரார்த்தனையை இழுத்துப் பாடவைத்து நான் கிணற்றுத் தண்ணீரைத் திருடுகிறேன் என்று நேற்று பாஸ்குத் திருநாள் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பேசிக்கொண்டார்கள். நான் காதில் விழாதவள்போல் நடக்கவில்லை. நின்று, திரும்பி, திருத்தினேன். உமக்கும் அதையே எழுதுகிறேன். பிரார்த்தனையை நான் இழுக்கவில்லை. அதில் இல்லாதிருந்த ஒரு மன்றாட்டைச் சேர்த்தேன். இழுப்பது சோம்பேறியின் வேலை. சேர்த்தது திருச்சபையின் கட்டளை.

இந்தப் பேச்சு உம் நிலத்தை வாரப் பங்குக்கு உழுகிற நல்லகாமன் வீட்டிலிருந்து கிளம்பியது என்று அறிகிறேன். நீர் கப்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக உட்கார்ந்துகொண்டு ஆனையூரில் நடப்பதை அவன் வாயால் கேட்கிறவர். ஆகையால் நடந்ததை நானே சொல்கிறேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் மாமனார் நிலத்தை அண்ணன் தம்பி உங்கள் இருவருக்கும் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. காலையில் மூத்தவர் முறை, பிற்பகலில் இளையவர் முறை என்றார். வீட்டில் கடிகாரம் கிடையாது. மாடு கட்டிக் கமலையில் நீர் இறைக்கிறவன் அவனவன் பாட்டைப் பாடி அவனவன் கணக்கைச் சொன்னால் சண்டை வரும் என்று, மாதா பிரார்த்தனையை இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் மனப்பாடம் செய்வித்தார். மாதாவின் பட்டம் ஒன்று சொல்வது ஒரு மன்றாட்டு, ஒரு மன்றாட்டுக்கு ஒரு சால் தண்ணீர். நான்கு பிரார்த்தனை முடிந்தால் முறை முடிந்தது. மாடுகளை அவிழ்க்கும்போது ஒரு ஸ்தோத்திரப் பாட்டு. என் ஆள் பேயாண்டியும் உம் ஆள் நல்லகாமனும் அவரவர் குலசாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் மாதாவின் பட்டங்களை நம் கோவிலில் பாதிப்பேரைவிடச் சுத்தமாகச் சொல்வார்கள்.

உம் அண்ணன் இருந்தவரை நான் கிணற்றடிக்குப் போனதில்லை. தை மாதம் அவரை அடக்கம் செய்தபின், இறைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனேன். பிரார்த்தனையின் கடைசி வரிக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. ‘சமாதானத்தின் இராக்கினியே’ என்பது பெரிய யுத்தத்தின்போது ரோமாபுரியிலிருந்து பாப்பானவர் சேர்த்த மன்றாட்டு. கோவிலில் பத்து வருஷமாகச் சொல்கிறோம். வயலில் மட்டும் மாதாவுக்கு ஒரு பட்டம் குறைவதா? பேயாண்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பிரார்த்தனைக்கு ஒரு சாலும் முறைக்கு நான்கு சாலும் கூடியது உண்மை. நல்லகாமனும் சேர்த்துச் சொல்லட்டும், அவனுக்கும் நான்கு கூடும். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

அவனிடமும் சொன்னேன். “எங்கப்பன் சொல்லிக்குடுத்ததுல அது இல்லீங்கம்மா. புதுசா ஒரு ஆத்தாளச் சேத்தா பழைய ஆத்தா கோவிச்சுக்கிருவா” என்றான். இருவரும் ஒருத்தியே என்று விளக்கினேன். “அப்ப எதுக்கு ரெண்டு சாலு?” என்றான்.

நீர் அவனுக்குப் புத்தி சொல்லும்.

செவலைப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. சீம்பால் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

சூ. பிலோமினாள்


கப்பலூர்,
13 ஏப்ரல் 1928

மதிப்புக்குரிய மதினிக்கு,

உங்கள் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆகவே நிதானமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நானும் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

உங்களைத் திருடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லகாமன் சொல்வதில் பொய் இல்லை. இந்தக் கோடையில் கிணற்றின் நிலை உங்களுக்குத் தெரியும். காலையில் நீங்கள் கூடுதலாக இறைக்கும் நான்கு சால், பிற்பகலில் அவனுக்குச் சேறாக வருகிறது. அவனையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறீர்கள். எத்தனை பட்டம் சொல்லி இறைத்தாலும் சேறு சேறுதான். என் மிளகாய்ச் செடி பூவெடுத்து நிற்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். கடைசி நான்கு பாத்தியில் இலை சுருண்டுவிட்டது.

பாகப் பத்திரத்தில் ‘வீட்டிலுள்ள பிரார்த்தனைப் புஸ்தகத்தின்படி’ என்றுதான் ஐயா எழுதிவைத்தார். அந்தப் புஸ்தகத்தில் புது மன்றாட்டு இல்லை. கோவிலில் பத்துப் பட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அங்கே தண்ணீர் செலவாவதில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தபோது எனக்கு வயது ஒன்பது. இராத்திரி ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினால் என்னை முழங்காலில் நிறுத்தி, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தீர்கள். அண்ணன் உங்களை எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார். யாரும் பார்க்காதபோது என் கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துவிட்டுப் போவார். இப்போது எனக்கு ஐம்பத்துமூன்று வயது. உங்களிடமிருந்து திருத்தம் வருவது மட்டும் நிற்கவில்லை.

புது மன்றாட்டை நிறுத்திவிடுங்கள். சமாதானத்தின் இராக்கினி சண்டையைக் கேட்கமாட்டாள்.

கிடாரிக் கன்று பிறந்ததில் சந்தோஷம்.

தங்கள் கொழுந்தன்,
மைக்கேல்ராஜ்


சேசு மரி சூசை

ஆனையூர்,
16 ஏப்ரல் 1928

தம்பிக்கு,

நிறுத்தமாட்டேன்.

கோவிலில் தண்ணீர் செலவாவதில்லை என்று எழுதினீர். செலவில்லாத இடத்தில் மட்டும் மாதாவுக்குப் பட்டம் கொடுப்பது என்ன பக்தி? அதை உம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியிருந்தால் நீரே சிவப்பு மையால் அடித்திருப்பீர்.

சேறு என்கிறீர். கிணறு தூர் வாரி நான்கு வருஷம் ஆகிறது. இரண்டு பங்காளிகளும் ஆள் போட்டு வாரவேண்டியது. நான் பேயாண்டியையும் அவன் மகனையும் இறக்கத் தயார். நீர் நல்லகாமனை இறக்கும். அதைச் செய்யாமல் மாதாவின் பட்டத்தில் ஒன்றைக் கழித்துத் தண்ணீரைச் சேமிக்கப் பார்க்கிறீர்.

உம்மை முழங்காலில் நிறுத்தியது உண்மை. அதற்கு நான் வருந்தவில்லை. கன்னியாஸ்திரிகள் மடத்தில் எங்களையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். நீர் இன்று அறுபது பிள்ளைகளுக்குத் தடங்கலில்லாமல் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறீர் என்றால் அதில் என் பங்கும் உண்டு. கருப்பட்டி விஷயம் எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறீர். அந்தப் பானையின் மூடியை இறுக்காமல் வைத்தது யார் என்று யோசித்துப் பாரும்.

கத்தரிச் செடியில் பூச்சி விழுந்திருக்கிறது. சாம்பல் தூவுகிறேன். மற்றபடி நலம்.

சூ. பிலோமினாள்


கப்பலூர்,
21 ஏப்ரல் 1928

மதினிக்கு,

வாதத்தில் உங்களை ஜெயிக்க என்னால் முடியாது. ஆகவே கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

நல்லகாமன் பெண்சாதி ஒச்சாயி, புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவருகிற நேரம் தவறாமலிருக்க, உங்கள் முறையில் எத்தனை சால் ஆகிறது என்று புளியங்கொட்டை வைத்து எண்ணிப் பழகினவள். போன கோடையில் உங்கள் முறை நூற்று எண்பத்துநான்கு சால். இந்தக் கோடையில் நூற்று எண்பத்தெட்டு. நான்கு நாள் எண்ணச் சொன்னேன். நான்கு நாளும் அதேதான்.

கமலையில் மாடு இழுக்கும் வடம் பாகத்தில் என் பக்கம் வந்த பொருள். நாளை முதல் நல்லகாமன் தன் முறை முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவான்.

மே மாதம் 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் ஆனையூருக்குப் பூசைக்கு வருகிறார். அவர் முன்னிலையில், முறைக்கு நான்கு சால் அதிகமாக எடுத்தேன், இனி எடுக்கமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், வடம் மறுபடி கிணற்றிலேயே கிடக்கும். இதை எழுத எனக்குச் சந்தோஷம் இல்லை.

மைக்கேல்ராஜ்


சேசு மரி சூசை

ஆனையூர்,
28 ஏப்ரல் 1928

தம்பிக்கு,

வடம் போய்விட்டது. மூன்று நாள் நானும் பேயாண்டியும் குடத்தில் சுமந்து கத்தரிக்கும் மல்லிகைக்கும் ஊற்றினோம். எனக்கு அறுபது வயது என்பதை என் தோள் எனக்குச் சொன்னது. நான் அடுத்த குடத்தைத் தூக்கினேன். நான்காம் நாள் பேயாண்டி மதுரைக்குப் போய்ப் புது வடம் வாங்கிவந்தான். இனி கிணற்றில் இரண்டு வடம். உம்முடையதை நல்லகாமன் தினமும் சுமந்துபோய்ச் சுமந்துவரட்டும். அவன் தோள் இளமையானது.

குடம் சுமந்த இரண்டாம் நாள் ஒச்சாயி வாய்க்கால் கரையில் கலயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, வடத்தக் காணோமா? இன்னும் ஒரு பட்டத்தச் சேத்துச் சொல்லிப் பாருங்க. தண்ணி தானா ஏறி வரும்” என்றாள்.

குடத்தை இறக்காமல் நின்றேன்.

“உங்க மாதாவுக்கு அம்பது பேருன்னா எங்க மாரியாத்தாளுக்கு ஆயிரம் பேரு. நாங்களும் ஆயிரத்தையும் சொல்லி எறைச்சா இந்தக் கெணறு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?”

“சரி, ஆயிரத்தையும் சொல். கேட்கிறேன்” என்றேன்.

விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். பதினொன்றில் நின்றுவிட்டது. “மிச்சத்த எம் மாமியா சொல்லுவா” என்றாள். பேயாண்டி குடத்துத் தண்ணீரெல்லாம் சிந்தும்படி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் பார்க்கும்படி சிரிக்கவில்லை.

இப்போது கையெழுத்து விஷயம். கையெழுத்துப் போடமாட்டேன். சுவாமியார் முன்னிலும் போடமாட்டேன், மேற்றிராணியார் முன்னிலும் போடமாட்டேன். நான் என் பங்குக்கு மேலே எடுத்தவள் என்று என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே கையால் எப்படிச் சிலுவை அடையாளம் போடுவேன்? புருஷன் போன வருஷத்திலேயே பெண்டாட்டி பங்காளி தண்ணீரில் கைவைத்தாள் என்று ஊர் சொல்வதற்கு நானே ரசீது எழுதித் தருவேன் என்று நினைத்தீரா?

ஆனால் ஒச்சாயியின் எண்களைப் பொய் என்றும் சொல்லமாட்டேன். நான் எண்ணாததைப் பற்றி நான் பேசுவதில்லை. அவள் என் முறையை மட்டும் எண்ணியிருக்கிறாள். உம் முறையை ஒருவரும் எண்ணவில்லை. திங்கட்கிழமை முதல் மூன்று நாள் நான் கிணற்றடியில் உட்கார்ந்து காலையும் பிற்பகலும் இரண்டு முறையையும் எண்ணுவேன். வந்த கணக்கு எதுவோ அதை எழுதுவேன்.

சூ. பிலோமினாள்


கப்பலூர்,
1 மே 1928

மதினிக்கு,

கார்டில் இடம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். இந்த வெயிலில் கிணற்றடியில் உட்காரவேண்டாம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட நல்லகாமனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் போடாவிட்டால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் குடம் சுமந்தது எனக்குத் தெரியாது. வடத்தைக் கழற்றினால் கடிதம் வரும் என்று நினைத்தேனே தவிர, சுமப்பீர்கள் என்று நினைக்கவில்லை. எண்ணுங்கள். நீங்கள் எண்ணி எழுதுவதை நான் மறுபடி எண்ணிப் பார்க்கமாட்டேன். அது எனக்குப் பாதகமாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சரி.

மைக்கேல்ராஜ்


சேசு மரி சூசை

ஆனையூர்,
4 மே 1928

தம்பிக்கு,

நாற்காலி போட்டான். ஒரு கால் ஆடியது. ஓடு வைத்துச் சரிசெய்துகொண்டேன்.

மூன்று நாளும் எண்ணினேன். என் முறை நூற்று எண்பத்தெட்டு சால். உம் முறையும் நூற்று எண்பத்தெட்டு சால். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

முதல் நாள் இதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். அன்றே உமக்கு எழுதிக் கடிதத்தை மூடியிருக்கலாம். ஆனால் கணக்கு எனக்கே உதைத்தது. பேயாண்டி புது மன்றாட்டைச் சொல்கிறான், நல்லகாமன் சொல்வதில்லை. அப்படியானால் என் பக்கம் நான்கு கூடவேண்டுமே, எப்படிச் சமமாக வரும்? மூன்றாம் நாள் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேயாண்டி சொல்லச்சொல்ல ஒவ்வொரு மன்றாட்டின்மேலும் விரல் வைத்தேன். கன்னிகையின் மன்றாட்டுகள் தொடங்குமிடத்தில் விரல் நிற்க, அவன் அடுத்ததற்குப் போய்விட்டான். பிரார்த்தனை முடிந்து மாடுகள் திரும்பும்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

“பேயாண்டி, ‘மகா புத்தியுடைத்தான கன்னிகையே’ எங்கே?”

“அதும்மா... அது நம்ம பக்கம் கெடையாதும்மா.”

“நம்ம பக்கம் கிடையாது என்றால்?”

“நல்லகாமென் சொல்லுவான். நம்ம சொல்றதில்ல. பெரிய அய்யா வேணாம்னுட்டாக. பாகம் பிரிச்ச வருசமே.”

“ஏன்?”

அவன் சாட்டையைக் கீழே வைத்தான்.

“சின்னய்யா வயக்காடு அம்புட்டுத் தூரத்துல கெடக்கு. போற வழியில வாய்க்காலே பாதித் தண்ணியக் குடிச்சிருது. ‘அப்பா வச்ச கணக்க மாத்தச் சொன்னா அப்பாவுக்குக் கொறச்சல். கூடக் குடுத்தா தம்பி வாங்கமாட்டான். நாம ஒண்ணக் கொறச்சுக்கிருவோம் பேயாண்டி, கெணத்துல கெடந்தா அவனுக்குத்தான வரும். யாருகிட்டயும் மூச்சு விட்றாத’ன்னு சொன்னாக.”

“சரி. இத்தனை மன்றாட்டு இருக்க, இதை விடவேண்டும் என்று எப்படித் தீர்மானித்தார்?”

“வேணாம்மா. அத எதுக்குக் கேக்குறீக.”

“சொல்.”

“‘புத்தி எம் வீட்டுல ஏற்கெனவே எம்புட்டோ கெடக்கு. ஒரு சாலு கொறஞ்சாத் தெரியாது’ன்னு சொல்லிச் சிரிச்சாகம்மா.”

இதை உமக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன், ஏனென்றால் எண்ணி வந்ததை எழுதுவேன் என்று சொன்னேன். இப்போது நீர் அறியவேண்டியது இதுதான். ஒச்சாயியின் இரண்டு எண்ணும் சரி. போன கோடையைவிட இந்தக் கோடையில் நான் நான்கு சால் அதிகமாக எடுத்திருக்கிறேன். ஆனால் என் பங்குக்கு மேலே ஒரு சொட்டும் எடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் உம் அண்ணன் தன் பங்கில் நான்கு சாலை உமக்காகக் கிணற்றிலேயே விட்டுவைத்தார். நான் தெரியாமல் புது மன்றாட்டால் அந்த நான்கையும் இறைத்துவிட்டேன். உம் மிளகாய் வாடியது அதனால்தான்.

அவர் செய்ததில் எனக்கு இரண்டு வருத்தம் உண்டு. மாதாவின் பட்டத்தில் ஒன்றை எடுத்துத் தம்பிக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கொடுக்க விரும்பினால் தன்னுடையதிலிருந்து கொடுத்திருக்கவேண்டும். மற்றது அந்தப் பரிகாசம். அதை நான் மன்னிக்கவில்லை. நாற்பத்துநான்கு வருஷம் கூட வாழ்ந்தவர் அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன் என்று இந்த இரண்டு நாளாக நினைக்கிறேன்.

என்மேலும் ஒரு பிழை உண்டு. தை மாதம் முதல் தினம் அந்தப் பிரார்த்தனையைக் கேட்கிறேன். கடைசியில் புது மன்றாட்டு வருகிறதா என்று கவனித்தேனே தவிர, நடுவில் ஒன்று இல்லை என்பதைக் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்ததால் என் காதே அதை நிரப்பிக்கொண்டது. ஊரையே திருத்துகிறவள் என்று நீர் என்னைச் சொல்வது எனக்குத் தெரியும். இதற்காக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும். ஒருமுறை அனுமதிக்கிறேன்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இதில் உம் யோசனை கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பேயாண்டி முழுப் பிரார்த்தனையையும் சொல்வான். புத்தியுள்ள கன்னிகையும் உண்டு, சமாதானத்தின் இராக்கினியும் உண்டு. ஒன்றையும் விடமாட்டேன். ஆனால் ஒவ்வொரு பிரார்த்தனையிலும் கடைசி மன்றாட்டுக்கு ஏறும் சால் என் பாத்திக்குப் போகாது. மண்வெட்டியோடு நானே மடையில் நின்று உம் வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவேன். முறைக்கு நான்கு சால். நல்லகாமன் பிற்பகல் வருமுன் வாய்க்கால் நனைந்திருக்கும், அவன் முதல் தண்ணீரை வழியில் மண் குடிக்காது. உம் பக்கத்தில் அந்த மன்றாட்டைச் சொல்வதும் சொல்லாததும் உமக்கும் சுவாமியாருக்கும் உள்ள விஷயம்.

இது அபராதம் அல்ல. திருப்பிக் கொடுப்பதும் அல்ல. உம் அண்ணன் கொடுத்ததை நான் கொடுக்கிறேன். அவர் ஒளித்துக் கொடுத்தார், நான் ஊர் பார்க்கக் கொடுக்கிறேன். அவர் மாதாவின் பங்கிலிருந்து கொடுத்தார், நான் என் பங்கு உழைப்பிலிருந்து கொடுக்கிறேன். யாராவது இதைப் பார்த்து, திருடியது திரும்பி வருகிறது என்று சொன்னால், அன்றே மடையை அடைத்துவிடுவேன். ஒச்சாயியிடம் இதை நானே சொல்லிவிட்டேன். “அப்பிடிச் சொல்றவ வாயில மண்ணு” என்றாள். அவள் வாக்கை நான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் வரும்போது நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவர் கேட்டால் இந்தக் கடிதத்தின் நகலைக் காட்டுவேன். நீரும் வருவீர் என்றால், கோவில் வாசலில் அந்தப் பேச்சைப் பேசியவர்கள் நிற்கிற இடத்திலேயே, என் மதினி தன் பங்குக்கு மேலே எடுக்கவில்லை என்று சொல்லும். உரக்கச் சொல்லும். உமக்கு நல்ல குரல் உண்டு, நான்தான் பழக்கினேன்.

அந்த நான்கு சாலும் உம் நிலத்துக்குத்தான், ஆனால் நீர் வேண்டாம் என்றால் திணிக்கமாட்டேன். திங்கட்கிழமை விடியுமுன் எனக்குத் தெரியவேண்டும். உம் வாய்க்காலுக்கு மடையைத் திறக்கலாமா, கூடாதா? நல்லகாமனிடம் சொல்லி அனுப்பவேண்டாம். உம் கையால் எழுதிப் பதில் அனுப்பும்.

சூ. பிலோமினாள்